பொதுவாகச் சொல்லாத நன்றி

பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிலிருந்து பிரிக்கும்போது ஒரு சத்தம் வரும். ஒன்றின் மடியில் ஒன்று இறுகிக் கிடப்பவை, இழுத்தால் முதலில் வர மறுக்கும். பிறகு ‘ப்ளக்’ என்று மூச்சை விட்டுக்கொண்டு கழன்று வரும். கல்யாண மண்டபத்திலும் கட்சிக் கூட்டத்திலும் அதே சத்தம்தான். ஆனால் எங்கே கேட்டாலும் என் கை தானாக நெற்றிக்குப் போகிறது, சிலுவை அடையாளம் போட. எங்கள் அன்பியக் கூட்டத்துக்கு மணியோசை அதுதான்.

அன்பியம் என்றால் பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. ஒரு பங்குக் கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வாரத்துக்கு ஒரு வீடாகக் கூடி, செபமாலை சொல்லி, வேதம் வாசித்து, சுண்டலும் டீயுமாகக் கலைவது. மேலப்புதூர்ப் பக்கம் ஒரே தெருவில் ஓர் அன்பியம் நிறைந்துவிடும். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் வெண்பொங்கலில் முந்திரி மாதிரி, தேடினால்தான் கிடைப்போம். ஸ்டேஷன் பக்கம் ஒரு வீடு, வடக்கு வாசல் தாண்டி ஒரு வீடு, அப்படியே திருவானைக்கா வரை நீளும். நாற்காலிகள் மாடியேறுவதைப் பார்த்துவிட்டால் கீழ்வீட்டு மாமி, “இன்னிக்கு உங்காத்துலயா பஜனை?” என்று கேட்பார். ஆமாம் மாமி என்போம். உடனே தன் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். அதற்கும் ஒருநாள் நன்றி சொல்லியிருக்கிறேன்.

நன்றிதான் எங்கள் அன்பியத்தின் தனிச் சட்டம். சட்டம் போட்டவர் திருவானைக்காவில் இருக்கும் எங்கள் பொறுப்பாளர் அக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகன் மஸ்கட்டில். வளவளவென்று பேசுகிறவர்களின் இணைப்பைத் துண்டிக்கும் பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் அவரை விடவில்லை. முன்பெல்லாம் செபத்தின் முடிவில், இறைவன் செய்த எல்லா நன்மைகளுக்காகவும் என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு டீக்குத் திரும்பிவிடுவோம். அக்கா பொறுப்பேற்றதும் அது நின்றது. ஒவ்வொருவரும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வாரத்தில், முடிந்தால் அன்றைக்கே, கிடைத்த ஒன்று.

“பொதுவா சொல்லாதீங்க. பொதுவா சொன்னா அது எந்த வீட்டு நன்றின்னு அவருக்கு எப்படித் தெரியும்?” என்பார், அவரும் ஒரு எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருப்பதுபோல.

இரண்டாவது சட்டம் ஒரு சண்டைக்குப் பிறகு வந்தது. ஒரே கட்டடத்தில் இருக்கும் இரண்டு அன்பியக் குடும்பங்கள். கீழ்வீட்டுக்காரர் தன் முறை வந்ததும், மேல்வீட்டுக்காரர்கள் ஒருவழியாகக் குழாயைச் சரி செய்ததற்காக ஆண்டவருக்கு உருக்கமாக நன்றி சொன்னார். மேல்வீட்டுக்காரர் அங்கேயே பதில் சொல்ல ஆரம்பித்தார். செபம் பிளம்பர் வரைக்கும் போயிற்று. அதிலிருந்து, ஒருவர் சொன்ன நன்றிக்கு மற்றவர் மறுமொழி சொல்லக் கூடாது. எல்லோரும் சேர்ந்து ‘நன்றி ஆண்டவரே’ என்று மட்டும் சொல்லி மேலே போக வேண்டும்.

இந்தச் சட்டங்கள் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டன. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் நான், என் வீட்டுக்காரர், மகள் மூவரும் நின்றபடி ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். சொல்லாதவர் தட்டில் குழம்பு விழாது. ஆரம்பத்தில் எனக்கு அது பெரிய அவஸ்தை. வீட்டிலிருந்தபடி புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள் நான். நாள் முழுக்க அடுத்தவர் வாக்கியத்தில் கோளாறு தேடிய கண்ணுக்குச் சாயங்காலம் நல்லது எதுவும் தெரியாது. ஓரிடத்தில் உட்காரவும் தெரியாது. ஆகவே பஸ் ஏறினேன். நன்றி தேடி டவுன் பஸ் ஏறுகிற ஒருத்தியை ஸ்ரீரங்கம் அதற்கு முன் பார்த்திருக்காது.

போனால் கிடைத்தது. காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் ஜன்னல் வழியாக வந்து முந்தானையை வாங்கிக்கொள்கிற காற்று கிடைத்தது. தண்ணீர் இல்லாத மாதத்தில் மணல் மட்டும் படுத்திருக்க, அதன் நடுவே ஒரு நாய் தன் நிழலோடு ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் கிடைத்தது. உறையூரில் ஒரு சந்தில், கதவு சாத்திய வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம், யாரோ விடாமல் ஆமாம் ஆமாம் என்று சொல்வதுபோல. ஒருநாள் தோழியின் டூவீலரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, மன்னார்புரம் சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் என் சேலைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கப் போவதைச் சொல்லிவிட்டு, நான் திரும்புவதற்குள் பச்சை விழுந்து போய்விட்டார். அவர் முகம்கூடத் தெரியாது. அன்று சாயங்காலம் அவருக்காக நான் சொன்ன நன்றி எங்கே போய்ச் சேர்ந்திருக்கும்? போய்ச் சேர்ந்திருக்கும் என்றுதான் நம்புகிறேன். என் விசுவாசம் மொத்தமும் ஏறக்குறைய அந்த நம்பிக்கைதான். கொடுத்தவர் முகம் தெரியாவிட்டாலும், கொடுத்தவர் இருக்கிறார்.

ஒன்றுமே கிடைக்காத நாட்களும் உண்டு. அந்த நாட்களில் என் வீட்டுக்காரர் முருங்கைக்காய்க்கு நன்றி சொல்வார். பொன்மலைப் பணிமனையில் ரயில் பெட்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வரும் மனிதருக்கு முருங்கைக்காய் போதும்.

போன ஆண்டு நவம்பரில் பொறுப்பாளர் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, தன் மகனுக்கு எங்கள் மகளைக் கேட்டார்.

எங்களுக்கு மறுக்கத் தோன்றவில்லை. பையனைச் சின்ன வயதிலிருந்து தெரியும். மகளுக்கும் அவரிடம் போனில் பேசியதில் பிடித்துத்தான் இருந்தது. சிக்கல் வேறு. அவள் துவாக்குடி பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. நெல் உமியைச் சுட்ட சாம்பலிலிருந்து, கலங்கல் தண்ணீரை வடிகட்டும் தகடுகள் செய்கிறாள். இன்னும் இரண்டு வருஷ வேலை பாக்கி. அக்காவோ ஜனவரியில் கல்யாணம், உடனே இருவரும் மஸ்கட் என்று நினைத்திருந்தார். மகன் அங்கே தனியாகப் பாக்கெட் சப்பாத்தியைச் சூடுபண்ணிச் சாப்பிடுவது அவருக்கு இங்கே தொண்டையில் அடைத்தது. படிப்பை அப்புறம் வந்து முடித்துக்கொள்ளலாமே என்றார். அப்புறம் வந்து முடிக்கிறேன் என்று போன இரண்டு சீனியர்களின் மேசையில் இப்போது வேறு ஆட்கள் உட்கார்ந்திருப்பதை என் மகள் தினமும் பார்க்கிறாள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. யோசிக்க வேண்டும் என்றாள்.

அந்த வார அன்பியம் ஸ்டேஷன் பக்கத்து வீட்டில். ப்ளக், ப்ளக் என்று நாற்காலிகள் பிரிந்தன. செபமாலை முடிந்தது. நன்றி ஒவ்வொருவராகச் சுற்றி வந்து என் வீட்டுக்காரரிடம் நின்றது. அன்று அவர் நேரே வேலையிலிருந்து வந்திருந்தார். ஒன்றும் யோசித்து வைக்கவில்லை என்பது எனக்கு அவர் செருமியதிலேயே தெரிந்தது.

“ஆண்டவரே, எங்க குடும்பத்துக்கு நீங்க செஞ்ச எல்லா…”

“பொதுவா வேணாம் சார்,” என்றார் அக்கா.

அவர் மறுபடி செருமினார். எதிரே அக்கா. அக்காவின் கண்கள் மூடியிருந்தாலும் காது அவர்மேலேயே இருந்தது. எனக்கு உள்ளுக்குள் முருங்கைக்காய் முருங்கைக்காய் என்று அடித்துக்கொண்டது.

“எங்க பொண்ணுக்கு ஒரு நல்ல இடத்தை அமைச்சுக் கொடுத்ததுக்கு நன்றி, ஆண்டவரே.”

‘நன்றி ஆண்டவரே’ என்று வீடே எழும்பியது. வழக்கத்தைவிடச் சத்தம் அதிகம்; சங்கதி எல்லோருக்கும் ஏற்கெனவே அரசல்புரசலாகத் தெரியும் என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அக்கா கண்ணைத் திறந்து பார்த்தார். அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் முகத்தில் நான் கண்டதில்லை. என்னால் அந்த வெளிச்சத்தைப் பார்க்கவும் முடியவில்லை, பக்கத்தில் மகளைத் திரும்பிப் பார்க்கவும் தைரியம் இல்லை.

அடுத்த முறை அவளுடையது. மறுமொழி சொல்லக் கூடாது என்பது சட்டம். நன்றி மட்டும்தான் சொல்லலாம். சாதாரணக் குரலில் சொன்னாள்:

“எந்த முடிவா இருந்தாலும் நீயே யோசிச்சு எடுன்னு, எனக்கு இன்னும் டைம் கொடுத்திருக்கிற எங்க அப்பாவுக்காக நன்றி, ஆண்டவரே.”

‘நன்றி ஆண்…’ என்று பாதிப் பேர் ஆரம்பித்தார்கள். மீதிப் பேர் அக்காவைப் பார்த்தார்கள். அந்தச் செபம் அப்படியே நடுவழியில் நின்று, பிறகு எப்படியோ தட்டுத் தடுமாறி ‘…டவரே’ என்று முடிந்தது. யாரும் எதுவும் கேட்க முடியாது. சுண்டல் வந்தது. அவ்வளவு அமைதியாகச் சுண்டல் தின்ற கூட்டத்தை நான் பார்த்ததில்லை. கிளம்பும்போது அக்கா, அதுவரை ‘சார்’ என்றே கூப்பிட்டுவந்த என் வீட்டுக்காரரைப் பார்த்து, “வரேன் சம்பந்தி,” என்றார். மகள் சொன்னதை அவர் கேட்காததுபோல இருந்தாரா, கேட்டதனால்தான் அப்படிச் சொன்னாரா, தெரியவில்லை.

ஆட்டோவில் வீட்டுக்குக் கிளம்பினோம். தெற்குக் கோபுரம் தாண்டியதும் மகள் சொன்னாள்: “அப்பா, ஆண்டவருக்கே இன்னும் தெரியாத விஷயத்துக்கு நீங்க நன்றி சொல்லிட்டு வந்திருக்கீங்க.”

“அவங்க அப்படி உட்கார்ந்திருந்தாங்கம்மா. வேற எதுவும் வாயில வரல.”

“முருங்கைக்காய் வரலயா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தது மூக்கு வழியாக வந்தது. இருவரும் ஒன்றாக என் பக்கம் திரும்பி முறைத்தார்கள். அந்த இரவில் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

என் வீட்டுக்காரருக்கு அதன்பின் வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. சொன்ன நன்றியைத் திரும்ப வாங்கலாமா? ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கின் சின்ன ஃபாதரை ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டார். ஃபாதருக்கு வயது முப்பதைத் தாண்டாது, பூசை உடையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். கிடைக்கப் போவதற்கு முன்கூட்டி நன்றி சொல்வது நல்ல விசுவாசம்தான் என்றாராம். “ஆனா என்ன கொடுக்கணும்னும் நீங்களே சொல்லிக் கொடுத்துட்டீங்களே. அது நன்றி இல்ல, ஆர்டர்.” வீட்டுக்கு வந்து இதை எங்களிடம் அப்படியே ஒப்பித்தார், வெட்கப்பட்டுக்கொண்டே. பிறகு பல நாள் அவர் சாயங்கால நன்றியில் மனிதர்களே வரவில்லை. ஃபேன் காற்று, பழுதாகாத சைக்கிள், உப்பு சரியாக இருந்த ரசம். மகளைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆனால் விஷயம் அவரை விட்டு வெகுதூரம் போய்விட்டிருந்தது. கோயிலில் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். எந்த மண்டபம் என்று கேட்டார்கள். மகள் பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டிருந்தால்கூட, அவள் மஸ்கட்டுக்காகத்தான் வேண்டுகிறாள் என்று பின்வரிசை முடிவு செய்துவிட்டது. ஒரு சாயங்காலம் அவள் என்னிடம், “இப்போ நான் வேண்டாம்னு சொன்னா, கடவுள் கொடுத்ததைத் திருப்பி அனுப்பின மாதிரி ஆயிடும்ல?” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். கண் விளையாடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அக்காவின் மகன் லீவில் வந்தார். வந்த மறுவாரம் தாயும் பிள்ளையும் பிளம் கேக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் கட்டியிருந்த நட்சத்திரம் தலையில் இடித்தது. பையன் நல்ல உயரம். அக்கா உட்கார்ந்ததும் ஜனவரித் தேதிகளைப் பேச ஆரம்பித்தார். அப்போது என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். கேக் தட்டைக் கையில் பிடித்தபடியே சொன்னார்.

“அன்னைக்கு நான் முந்திக்கிட்டேன். பொண்ணு இன்னும் சரின்னு சொல்லல. அவ சொல்றதுதான் எனக்கும்.”

அக்கா தன் தட்டைக் கீழே வைத்தார். “தெரியும் சார்,” என்றார். சம்பந்தி மறுபடி சார் ஆகிவிட்டார்.

பையன்தான் பேசினார். தன் அம்மாவைப் பார்க்காமல் என் மகளைப் பார்த்து, அந்தத் தகடுகளை நேரில் பார்க்கலாமா என்று கேட்டார். பார்க்கலாமே என்றாள். இருவரும் தனியாகப் போவதா என்று அக்கா உடனே நிமிர்ந்தார். “நானும் வரேன்,” என்றார். அவர் வந்தால் நானும் போகாமல் எப்படி? அடுத்த நாள் நான்கு பேர் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துவாக்குடி பஸ் ஏறினோம். முன் சீட்டில் அவர்கள் இருவர், பின்னால் நாங்கள் இருவர். பால்பண்ணை தாண்டும்வரை முன் சீட்டிலிருந்து பேச்சு வரவில்லை. அப்புறம் நிற்கவே இல்லை. அக்கா ஜன்னல் பக்கம் பார்ப்பதுபோல முன்னால் காதைக் கொடுத்திருந்தார். நானும்தான்.

ஆய்வுக்கூடம் என்று நான் மனதில் வைத்திருந்தது வேறு. இது சமையலறைக்கும் செங்கல் சூளைக்கும் நடுவில் இருந்தது. சாக்கில் உமி, தட்டில் சாம்பல், ஒரு மூலையில் அனலை அடக்கிக்கொண்டு நிற்கும் உலை. வில்லை வில்லையாக வெள்ளைத் தகடுகள், ஒவ்வொன்றின் மேலும் பென்சில் எழுத்து. என் மகள் தினமும் பஸ் மாறிப் போய்ச் சேர்கிற இடம் இதுதானா என்று நான் வாய் பார்த்து நின்றேன். மூன்று குழாய்களில் கலங்கல் தண்ணீர் மேலிருந்து சொட்டி, தகட்டைத் தாண்டி, கீழே கண்ணாடிக் குடுவைகளில் தெளிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அவருக்கு அதை விளக்கிக்கொண்டிருந்தாள். இப்படி விளக்கும்போது அவள் கை காற்றில் கோடு போடும். என் கை மாதிரியே. அதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அக்கா நிற்க முடியாமல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டிசம்பரிலும் துவாக்குடி வெயில் துவாக்குடி வெயில்தான். கேட்டிலிருந்து வெகுதூரம் நடந்திருந்தோம். தெளிந்த தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. யாரும் பார்க்காத நேரம் ஒரு குடுவையை எடுத்து, நம் வழக்கப்படி உதடு படாமல் அண்ணாந்துவிட்டார்.

“ஐயோ அத்தை, குடிச்சிடாதீங்க!”

என் மகள் பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு சொட்டு மோவாயில் விழுந்தது. அதையும் தன் துப்பட்டாவால் துடைத்தாள்.

“பளிங்கு மாதிரி இருக்கேம்மா?” என்றார் அக்கா, கை இன்னும் மேலேயே.

“பார்க்க அப்படித்தான் இருக்கும். சாம்பல்ல இருந்து என்னென்ன தண்ணிக்குள்ள இறங்குதுன்னு இன்னும் டெஸ்ட் முடியல. முடிக்காம யாருக்கும் கொடுக்க முடியாது.”

“அதுக்குத்தான் ரெண்டு வருஷமா?”

“அதுக்குத்தான்.”

அக்கா குடுவையைக் கீழே வைத்தார். இவ்வளவு நாளும் அவரை ‘ஆன்ட்டி’ என்றே கூப்பிட்டுவந்தவள் பதற்றத்தில் என்ன சொல்லிவிட்டாள் என்பதை அந்த அறையில் நான்கு பேரும் கேட்டோம். அவள் காது சிவந்ததிலிருந்து அவளும் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது. பையன் உலைப் பக்கம் திரும்பி, அதிலிருந்த எண்களை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தார். நான் என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அக்காவிடம் கொடுத்தேன். முழுதையும் குடித்தார்.

அந்த வாரம் கூட்டம் எங்கள் வீட்டில். எல்லோருக்கும் கடைசியாகத் தன் முறையை வைத்துக்கொள்வது அவர் வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

“தாகமா இருந்தும் என்னைக் குடிக்க விடாத ஒரு பொண்ணுக்காக நன்றி, ஆண்டவரே.”

பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நன்றி ஆண்டவரே என்றார்கள், சட்டம் அப்படி. என் வீட்டுக்காரர் குரல் மட்டும் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் கரகரப்பாக வந்தது. அதன்பின் ஜனவரித் தேதிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மகள் தன் பதிலைப் பையனிடமே நேராகச் சொல்லிவிட்டாள்: சரி, ஆனால் ஆராய்ச்சியை முடித்துவிட்டுத்தான். அவர் காத்திருப்பதில் தனக்குக் கஷ்டம் இல்லை என்றாராம். பாக்கெட் சப்பாத்தியைப் பற்றி அம்மாவிடம் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டதாகவும் ஒப்புக்கொண்டாராம்.

லீவு முடிந்து அவர் கிளம்பிய காலையில் திருச்சி ஏர்போர்ட் வழக்கம்போல ஒரு திருவிழாவாக இருந்தது. ஒருவரை அனுப்ப ஒரு வேன் நிறைய ஜனம். அழுகிறவர்கள், அழாமல் இருக்கத் தின்கிறவர்கள், கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தெரியும் முதுகை அடையாளம் காட்டிச் சண்டை போடுகிறவர்கள். என் வீட்டுக்காரர் கைகளைக் கோத்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. சத்தம் இல்லாமல் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறார், அதுவே போதும். பையன் உள்ளே போய்த் திரும்பிக் கையசைத்தார். என் மகளும் அசைத்தாள். கோடு போடுகிற அதே கை.

வாடகைக் காரில் நால்வரும் திரும்பினோம். துவாக்குடி பஸ் பிடிக்க மகள் டோல்கேட்டில் இறங்க வேண்டும். உலையில் தகடு வைத்துவிட்டு வந்திருக்கிறாளாம், மதியத்துக்குள் எடுக்க வேண்டுமாம். இறங்கி, பையைத் தோளில் மாட்டி, குனிந்து எங்களிடம் வரேன் என்றாள். மகனை அனுப்பிவிட்டு அதுவரை கைக்குட்டைக்குள் முகம் வைத்திருந்த அக்கா கார்க் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

“போ, பஸ் வருது பாரு. எல்லாத்தையும் முடிச்சுட்டே வா. பாதியில விட்டுட்டேன் அத்தைன்னு வந்து நின்னே, வாசலோட அனுப்பிடுவேன்.”